விரத வீட்டில் வெளுத்த மீன்கள்

நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: சும்மா இருங்கள். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு உண்டா? ஜுருவில் தொழிற்சாலைக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவன் நான். இப்போது கெலுகோர் ஃபிளாட்டில் ஒரு சோபா, எதிரே நான் ஆசைப்பட்டு வாங்கிய மீன்தொட்டி. காரைத் தொடக்கூடாது, படி ஏறக்கூடாது. எம்சி என்று மருத்துவ விடுப்பில் கிடக்கும் மனிதன் வேறு எதைப் பார்ப்பான்? மீனைத்தான் பார்த்தேன்.

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள். உப்புத் தண்ணீரில் வாழும் கடல் மீன்கள். வாங்கும்போது பழுத்த பப்பாளி நிறம், நடுவில் வெள்ளைப் பட்டை. அந்த நிறம் இப்போது இறங்கிக்கொண்டே வந்தது. காலையில் விளக்கைப் போட்டதும் அவை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். அது எனக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் இப்போது மத்தியானம் வரை காத்திருந்தாலும் தெளியவில்லை.

விளக்கு சரியில்லையோ என்று பல்பை மாற்றினேன். உப்பை அளந்தேன். சூட்டைப் பார்த்தேன். சோபாவுக்கும் தொட்டிக்கும் நடுவே நடந்து நடந்து எனக்கே கால் வலித்தது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் மனைவி கத்துவாள்.

அவள் மேல் எனக்கு இன்னொரு கடுப்பும் இருந்தது. தொட்டிப் பக்கமே அவள் திரும்புவதில்லை. தீனியைப் போடும்போதுகூட முகத்தை வேறு எங்கோ வைத்துக்கொண்டு போடுவாள். என் மீன் என்றால் அத்தனை இளக்காரம். ஆனால் தினமும் காலையில் எனக்குத் திருநீறு பூசிவிட்டு, என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். நான் என்ன கடையில் வைத்த கத்திரிக்காயா என்று எரிந்து விழுவேன். அவள் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வீடு விரதத்தில் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். விரதம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் ஃப்ரிஜ்ஜைத்தான் கழுவுவார்கள். கோழி, முட்டை, மீனுக்குப் போட வைத்திருந்த இறால் எல்லாம் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியின் ஃப்ரிஜ்ஜுக்குப் போயின. மீன் தீனி டப்பாவும் கவிச்சி அடிக்கிறது என்று கூடவே போனது. அன்றிலிருந்து மீன்களுக்கு வேகவைத்த பட்டாணியும் ரொட்டித் துணுக்கும்தான். எனக்காக எடுத்த விரதம், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? வயிறு நிறைந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மீன் விற்ற கடை முதலாளி, சீனத் தவுக்கேக்குப் போன் போட்டேன். என்ன தீனி போடுகிறாய் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். மனுஷன் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. அந்த ஆரஞ்சு நிறம் மீனுக்குள் தானாக ஊறுவதில்லையாம். இறால் மாதிரி எதையாவது தின்றால்தான் அது உடம்பில் ஏறுமாம். வாரக்கணக்கில் தராவிட்டால் சாயம் போகத்தான் செய்யும், பட்டாணியில் அது வராது என்றார்.

“கசி ஊடாங் லா,” என்று போனை வைத்தார். இறால் கொடு என்று அவர் சொல்லிவிட்டார். விரத வீட்டில் யார் வாயைத் திறந்து இறால் என்று சொல்வது? தைப்பூசம் வருவதற்குள் இவை செத்துப்போனால்? அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பக்குவமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, சாயங்காலம் அவள் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேச்சு கோபமாகத்தான் வந்தது.

“மீனுக்கு என்னா விரதம்? அதுவா நேர்ந்துகிச்சு? வெளுத்துப்போய்க் கிடக்குதே, ஒரு தடவையாச்சும் கண்ணால பார்த்தியா?”

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. விளக்கைக் கீழே வைத்தாள்.

“பார்க்க முடியலங்க. ஐசியூல நீங்க அப்படித்தான் வெளுத்துப்போய்க் கிடந்தீங்க.”

சரி விடு, மீன்தானே, நேர்த்திக்கடன்தான் பெரிது என்று ஏதோ முணுமுணுத்தேன். வெட்கமாக இருந்தது. அவள் விளக்கை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குளிப்பதற்கு முன்னால், பழைய கைலியோடு, ஆண்ட்டி வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்துடன் வந்தாள். உள்ளே பொடியாக நறுக்கிய இறால். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், நேராகத் தொட்டியைப் பார்த்தே போட்டாள். இரண்டும் பாய்ந்து வந்து தின்றன.

“சாமி கோவிச்சுக்காதா?” என்றேன்.

“பழைய நிறத்துல உங்கள வீட்டுக்கு அனுப்புன்னுதான் முருகன்கிட்ட கேட்டேன். இங்க ரெண்டு உசுரு நிறம் செத்துக் கிடக்க, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பால்குடம் தூக்குறது?”

கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு என் அருகே வந்தாள். கவிச்சி அடிக்கும் விரல் படாமல், புறங்கையால் என் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நான் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

“இன்னும் கொஞ்சம் வரணும்,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.