சண்முகசுந்தரியின் கழித்தல் ஒன்று

பாளையங்கோட்டையில் சைவக் குடும்பங்களின் சங்கத்தில் சண்முகசுந்தரியின் கண்ணில் படாமல் எந்த ஜாதகமும் கல்யாணத்துக்குப் போனதில்லை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள். சங்கத்தின் வரன் பட்டியலுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். முப்பத்தாறிலும் அவள்தான் அதைக் கவனித்துக்கொண்டாள். பதினொரு வருஷமாக அவள் பெயரும் அதே பட்டியலில்தான் கிடந்தது. காரணம், செவ்வாய் தோஷம்.

சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய புரோகிராம் அதில் ஓட மறுத்தது. எழுதியதை மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலரைப் புதிதாகப் போட்டு, புரோகிராமை மறுபடி அதில் ஏற்றி எடுத்தாள். ஒரு முணுமுணுப்பில்லாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வரன்களின் அச்சுப் பட்டியல் எல்லார் கைக்கும் போனது.

திங்கள் காலை சங்கச் செயலாளர் திருஞானசம்பந்தம், அவளுடைய சித்தப்பா, காதில் போனோடு வந்து நின்றார்.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? ஒருத்தர் பாக்கியில்லாம அத்தன பேரையும் கறி திங்க வச்சிட்டியே!”

சைவ உணவா என்ற கட்டத்தில் எல்லாப் பெயருக்கும் நேரே ‘இல்லை’. டவுனிலிருந்து ராஜராஜேஸ்வரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, போனிலேயே பிரம்பெடுத்தார்: “எம்மவன் பெங்களூருல என்னத்தத் திங்கான்னு எனக்குத் தெரியாது. தாளுல சைவம்னு இருக்கணும், ஆமா!”

அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். பழைய கம்பைலர் ‘ஆம்’ என்பதைக் கோப்பில் கழித்தல் ஒன்று என்று எழுதிவைத்திருந்தது. புதியதற்கு வெறும் ஒன்றுதான் ‘ஆம்’. கழித்தல் ஒன்றைக் கண்டதும், யாரோ எவரோ என்று ‘இல்லை’ போட்டுவிட்டது.

தோஷக் கட்டத்துக்கும் அதே கதிதான். முப்பத்தெட்டுப் பேரின் செவ்வாய் தோஷம் ஒரே நாளில் நீங்கியிருந்தது. எந்தக் கோயிலிலும் நடக்காத அற்புதம். அதைப் பற்றிப் புகார் சொல்லி ஒரு போன் வரவில்லை.

அவளுக்கு வேறொரு போன் வந்திருந்தது. மலையடிவாரத்து அணையில் இன்ஜினியராக இருந்த சிவகணேஷ், பட்டியலைப் பார்த்துவிட்டு ஞாயிறு மாலையே கூப்பிட்டான். மதகுமேல் ஏறி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி அவன் சொன்னதில் அவளுக்குச் சிரித்துப் புரையேறியது. நாற்பது நிமிஷம். வேறெந்த வரனும் நாலு நிமிஷம் தாண்டியதில்லை. வியாழக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னான்.

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “சைவத்த மட்டும் சரி பண்ணு. தோஷம் அங்கன கெடக்கட்டும். அவாள் வந்து பாக்கட்டும், புடிச்சிட்டுன்னா பைய ஒரு பரிகாரத்தப் பண்ணிருவோம்.”

“பொய்யில்லையா சித்தப்பா?”

“நீயா சொன்ன? மெஷின்தான சொல்லுது!”

கட்டத்துக்கு ஒரு வரி மாற்றினால் போதும். சைவ வரியைத் திருத்தினாள். தோஷ வரியில் நின்ற கை புதன்கிழமை வரை நின்றது. அவளுக்கு அந்த நாற்பது நிமிஷம் இன்னொரு தடவை வேண்டியிருந்தது. ஆனால் அப்படிச் சிரிக்க வைத்தவனை ஏமாற்ற மனசு வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

“எனக்குச் செவ்வாய் தோஷம் இருக்கு. தாளுல உள்ளது தப்பு. பண்ணினது நாந்தான்.”

அணைத் தண்ணீர் இரைச்சலுக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான். “அம்மாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

“கேளுங்க. மதகு தொறக்கவும் அம்மாட்டத்தான் கேப்பியளோ?”

அவன் சிரிக்கவில்லை.

தோஷ வரியையும் திருத்திய பட்டியல் அன்றே வாட்ஸ்அப்பில் போனது. சைவமானதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. தோஷம் திரும்பி வந்த வீடுகளிலிருந்து மட்டும் விடாமல் போன்: “அத எவ மாத்தச் சொன்னா?”

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. கிண்டி வைத்த கேசரியைச் சித்தப்பா தொடவில்லை. அவர் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, கையைக் கழுவி, சண்முகசுந்தரி லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலில் தன் பெயரைத் தேடி அழித்தாள்.

“ஏட்டி, என்ன பண்ணுத?”

“நானூத்திப் பதினொண்ணு சித்தப்பா. அச்சடிக்கக் குடுங்க.”