மணியம் கிழித்த சால்வை

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வீடு திரும்பியதும் ஒரு விருந்தாளி வந்தார். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். என் வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதர். மடிப்புக் கலையாத மல் வேட்டி. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், காப்பி குடித்தார், எழுந்தார்... வேட்டி எழவில்லை.

எங்கள் பிரம்பு நாற்காலியின் லட்சணம் அப்படி. கையெல்லாம் நார் நாராகச் சிலிர்த்து நிற்கும். ஆளுக்கொரு பக்கமாக நின்று வேட்டியை விடுவித்தோம்.

"என்ன வாத்தியாரே, நாற்காலிக்குத் தாடி மொளச்சிருக்கு?" என்றார்.

"பூனை வேலை" என்றார் என் வீட்டுக்காரர்.

"இதை வச்சுக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டுறீக? சாக்குல போட்டு மலைப் பக்கம் விட்டுட்டு வர வேண்டியதுதான?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு பஸ் வந்துவிட்டது. பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பூனையின் பெயர் மணியம். கடுவன். அனுமந்தன்பட்டித் தெருவில் ஊர் மணியக்காரர் மாதிரி அது நடந்துபோவதைப் பார்த்து வீட்டுக்காரர் வைத்த பெயர். காலையில் எழுந்ததும் முதுகை வளைத்து, முன்னங்கால்களை நீட்டி, நாற்காலியைப் பிறாண்டும். நான் பாடம் எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அந்தச் சந்தோஷத்தில் ஒருமுறை பிறாண்டும். கோபம் வந்தாலும் பிறாண்டல்தான். தலையணை, கோரைப் பாய், கதவு நிலை — எதையும் விட்டதில்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் மிளகாய் அரைத்துப் பூசினோம். தும்மியது நாங்கள்தான். நகத்தை வெட்டலாமே என்று சவரம் செய்ய வருபவரைக் கேட்டோம். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "அது என்னையப் பாக்குற பார்வையே சரியில்லம்மா" என்று கிளம்பிவிட்டார்.

பின்னே ஏன் வைத்திருந்தோம் என்றால், எலி. ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிடும் வீட்டில் எலிக்கும் பங்கு கொடுக்க முடியுமா?

அப்படி இருக்கும்போதுதான் மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகி ரங்கூன் போனவர். அவர் கணவர், எனக்கு அண்ணன் முறை, அங்கே ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்ததும் ஊரே கிளம்பியதல்லவா... இவர்களும் நடந்தே கிளம்பினார்கள். வந்து சேர்ந்தது மதினி மட்டும். மதுரையிலிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, கையில் இருந்தது ஒரே ஒரு கம்பளிச் சால்வை. அண்ணனுடையது.

மதினி அழவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் மெல்லப் பேசினோம், மெல்ல நடந்தோம். அவர் பாத்திரம் தேய்க்கப் போனால், "நீங்க இருங்க மதினி" என்று நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். அவர் தலைமாட்டில் மடித்து வைத்திருந்த சால்வையை யாரும் தொடுவதில்லை.

மழை விட்ட ஒரு நாள், மதினி அதை முற்றத்து வெயிலில் விரித்தார். நான் உள்ளே வேலையாக இருந்தேன். எட்டிப் பார்த்தால், மணியம் சால்வை நடுவில். கண்ணைச் செருகிக்கொண்டு, மாவு பிசைவதுபோல் இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தேன். புத்தி இருந்தால் இழுத்திருப்பேனா? நகம் மாட்டியிருந்தது. சால்வை டர்ரென்று கிழிந்தது.

சத்தம் கேட்டு வந்த மதினி பூனையைப் பிடுங்கினார். அது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாகக் கீறிவிட்டது. ரத்தம் கொட்டியது.

டிங்க்சர் எடுக்க ஓடினேன். என் வீட்டுக்காரர் அதுவரை மணியத்தை ஓர் அதட்டுக்கூட அதட்டியதில்லை. அன்று பேசாமல் சாக்கை எடுத்து வந்து மணியத்தை உள்ளே போட்டுக் கட்டினார். மயிலாடும்பாறைக்குப் போகிற வண்டி ஒன்று தெருமுனையில் நின்றிருந்தது. அதில் ஏற்றிவிடுவதென்று முடிவு. சாக்குக்குள்ளிருந்து மணியம் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

"ஏலே, அவுத்து விடு" என்றார் மதினி.

"அக்கா, மாமாவோட சால்வை..."

"கிழிஞ்சது கிழிஞ்சு போச்சு. நீ அதை அவுத்து விடு."

மதினி பேச ஆரம்பித்தார்.

"நான் வந்ததுலருந்து எல்லாரும் எனக்கு ஒதுங்கி ஒதுங்கி வழி விடுறீக. கதவைக்கூடச் சத்தமில்லாமச் சாத்துறீக. ஒரு வேலை சொல்ல மாட்டேங்கிறீக. தப்புப் பண்ணுனா ஒரு வார்த்தை வைய மாட்டேங்கிறீக. இது நம்ம வீடுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. இது ஒன்னுதான் என்னையும் ஒரு மனுசியா மதிச்சுச் சண்டைக்கு வந்திருக்கு."

சொல்லும்போதே உடைந்துவிட்டார். அப்படி ஓர் அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் துடைத்து மருந்து போட்டேன். அழுகைக்கு நடுவே, முதன்முதலாக, அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

"மலையில காய்ச்சல் கொதிக்குது அவுகளுக்கு. சால்வையக் கழட்டி எம்மேல போட்டாக. நீ போத்திக்க, எனக்கு வேர்க்குதுன்னு சொன்னாக. அவுகளுக்கு வேர்க்கல ஆத்தா. நடுங்குனாக."

வீட்டுக்காரர் சாக்கின் கட்டை அவிழ்த்தார். மணியம் வெளியே வந்தது. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் நடந்துபோய் நாற்காலியைப் பிறாண்டியது.

மதினி மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தார். "அதுக்குன்னு ஒரு எடம் குடுத்தா அது ஏன் நாற்காலிக்கு வருது?" என்றார்.

மறுநாள் தென்னந்துண்டு ஒன்றை உருட்டி வந்தார். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையில் தேய்ந்து கழித்துப் போட்ட வடக்கயிற்றை அதில் இறுக்கிச் சுற்றினார். நாற்காலிக்குப் பக்கத்திலேயே நட்டு வைத்தார். மணியம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மதினி விடவில்லை. கொல்லையில் குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கி வந்து கயிற்றிடுக்கில் செருகினார். இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. மணியம் கட்டையைக் கட்டிப் புரண்டு, உருண்டு, இரண்டு கையாலும் பிறாண்டித் தள்ளிவிட்டது.

இப்போது பெரும்பாலும் கட்டைதான். நாற்காலி விருந்தாளிகள் வரும்போது மட்டும்.

சால்வையை மதினியே தைத்தார். அதே நிற நூல் கிடைக்கவில்லை, நீல நூல். இப்போது அதை மடித்து வைப்பதில்லை. மார்கழிக் குளிரில் போர்த்திக்கொள்கிறார். மடியில் மணியமும் படுத்துக்கொள்கிறது.

நாமெல்லாம் துக்கப்பட்டு வந்தவர்களுக்குப் பாயும் தலையணையும் கொடுக்கிறோம். சண்டை போடும் உரிமையைக் கொடுக்க மறந்துவிடுகிறோம். விருந்தாளிதான் நம்மிடம் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டு மனுஷி?

நேற்று கெண்டை மீன் குழம்பு வைத்தேன். மதினி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆத்தா, இது குழம்பா, கழனித்தண்ணியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொன்னேன் — கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு!