தறி நின்ற பகல்

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். எனக்குத் தெரிந்த நல்ல தமிழெல்லாம் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, மைக்கில் பேசிக் கேட்டதுதான். அவர் பேச ஆரம்பித்தால் திருத்தணி மலை ஏறுகிறவன்கூட நாலு படி இறங்கி வந்து நிற்பான்.

ஒரு வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் கலைந்ததும், பக்கத்துத் தெருவில் காலரா வந்துவிட்டது. ஊசி போட ஆள் வருவதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவோ நெசவாளர் தெரு. ஊசி போட்டால் கை வீங்கும், ரெண்டு நாள் தறியில் கயிறு இழுக்க முடியாது. கையை நீட்ட ஒருவரும் தயாராக இல்லை.

மாமா விடுவாரா? அரக்கோணத்திலிருந்து மைக் செட் வரவழைத்தார். மைக் செட்டுக்காரரான அந்த பாய் தங்கமான மனுஷர். ஆனால் மைக்கைத் துடைக்கக்கூட இன்னொருவரை விடமாட்டார். அவர் குழாயைக் கட்டினாலே எங்களுக்குத் திருவிழா. சரி, அது கிடக்கட்டும். அன்றைக்கு மாமா பேசிய பேச்சு இருக்கிறதே! எமனையே எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்டார். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"இன்னாமா பேசினே மச்சான்! சினிமா தோத்துது போ," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அப்போ நாளைக்கு ஊசி போட்டுக்குவே இல்ல?"

"ஆங்... சேலை பாதியில நின்னுகினு கீதுப்பா. அடுத்த வாட்டி பாக்கலாம்."

மறுநாள் ஊசிக்காரர் தெருமுனையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா அவரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, அதிகம் பேசமாட்டாள். தறிக்குழியிலிருந்து எழுந்து போய், கயிறு இழுக்கிற கையையே நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து தறிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் தெருவில் அமாவாசை தவிர மற்றப் பகல்களில் தறிச் சத்தம் ஓயாது. சாப்பாட்டு வேளையில்கூட ஆள் மாற்றி உட்காருவார்கள். ஒரு வீட்டில் தறி நின்றுபோனால் அங்கே சாவு என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் தெருவே ஓடி வந்தது. எதிர்வீட்டம்மா வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாருக்குடி இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஊசி போட்டுக்கினேன். தறி ரெண்டு நாள் நிக்கும், அப்பறம் ஓடும்."

எதிர்வீட்டம்மா மூக்கைச் சிந்திவிட்டுப் புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஒவ்வொரு தறியாக நின்று, மத்தியானத்துக்குள் தெரு அடங்கிப்போனது. கடைசி ஆளாக மாமா, கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார்.

மாமாவின் பேச்சுதான் தெருவையே காப்பாற்றியது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தையிடமும் சொன்னேன்.

"ஆமாடா, உங்க மாமா பேச்சு அப்படி," என்றாள்.

நான் பிறப்பதற்கு முன் அத்தைக்கு ஒரு மகன் இருந்தான், வாந்திபேதியில் போனான் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அமாவாசை தவிர, அவள் தறி அதற்கு முன்னால் நின்றது அவன் போன பகலில்தான். தெருவுக்கு அது நினைவிருந்தது.