அடைத்த காதோடு அறுபது மீட்டர்

விமானம் தரையிறங்கும்போது என் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. புறப்பட்ட அன்றே சளி பிடித்திருந்தது. முதலில் ஊசியால் குத்துவதுபோல் வலித்தது. பிறகு வலி குறைந்தது. கூடவே சத்தமும் குறைந்துபோயிற்று. கிணற்றுக்குள் முங்கிக் கிடப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் எனக்குப் போட்டி.

பிரியமானவர்களே, என் பெயர் ஆரோக்கியசாமி. ஆண்டிமடம் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்தான் என்னையும் தங்கச்சி செல்வியையும் வளர்த்தார். பெரம்பலூர் விடுதியில் தங்கி, மண் தடத்தில் ஓடிப் பழகியவன் நான். செல்போன் எங்கள் ஊருக்கு வந்திராத அந்த வருடம், வெளிநாட்டில் நடந்த சர்வதேச உள்ளரங்கத் தடகளப் போட்டிக்கு அறுபது மீட்டர் ஓட்டத்தில் தேர்வானேன். கூரைக்கு அடியில் அதுவரை ஓடியதே இல்லை.

அறுபது மீட்டர் ஏழு விநாடிக்குள் முடிந்துவிடும். துப்பாக்கி வெடித்த நொடியில் கிளம்பாதவன் அங்கேயே தோற்றான். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கிளம்பலாம் என்றால், அதற்குள் அவன் இரண்டு எட்டு போயிருப்பான்.

யாரிடம் சொல்வது? பயிற்சியாளர் என்னோடு வரவில்லை. மேலாளரிடம் சொன்னால் பெயரை எடுத்துவிடுவாரோ என்று பயம். மாத்திரை போட்டால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவேனோ என்று இன்னொரு பயம். அணியில் ஒற்றைப்படையாக நான் நின்றதால், வேறு நாட்டு வீரர் ஒருவரோடு அறை கொடுத்தார்கள். பெயர் தைமூர். அவரும் அறுபது மீட்டர்தான். என்னோடு அதே சுற்று. முதல் நாள் ஏதேதோ பேசினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் அவர் பேசவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வாயசைத்துச் சிரித்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறேன். காட்டிச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

சொல்லி வைத்தபடி ஆண்டிமடம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். அங்கே அம்மா காத்திருந்தது தெரியும். எதுவும் விளங்கவில்லை. "நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி வைத்துவிட்டேன். ஊருக்கு வந்தபிறகு செல்வி சொன்னாள்: "அம்மா ஒனக்கு என்னடா ஆச்சுன்னு அஞ்சு தடவ கேட்டுச்சுண்ணே. நீ பாட்டுக்கு நல்லாருக்கேன்ன. பூத்துலயே உக்காந்து அழுவுது."

போட்டிக்கு முந்தின நாள் மாலை, அறைக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு முழங்கால் போட்டேன். ஜெபமாலையைச் சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. "ஏலாக்குறிச்சி மாதாவே, என்னால முடியல. ஒண்ணு காதத் தொறந்து விடு. இல்லாட்டி யாரையாச்சும் அனுப்பு. தனியா கெடக்க முடியலம்மா." வாய்விட்டு அழுதேன். என் அழுகையே எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

திடீரென்று தோளில் ஒரு கை. திரும்பினால் தைமூர்! முகம் சிவந்திருந்தது. பின்னால் சாவியோடு விடுதி ஊழியர். தைமூர் அரைமணி நேரமாகக் கதவை இடித்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. கத்தினார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இனி மறைக்கத் தெம்பில்லை. இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

அவர் கோபம் அப்படியே இறங்கியது. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையைத் துப்பாக்கிபோல் மடக்கி, சுடுவதுபோல் காட்டி, என் காதைச் சுட்டினார். கேட்காதா என்கிறார். கேட்காது என்று தலையசைத்தேன். உடனே கையைப் பிடித்து எழுப்பி, தன் நாட்டு அணி மருத்துவரிடம் கூட்டிப்போனார். மறுநாள் என்னை எதிர்த்து ஓட வேண்டியவர்!

அந்த மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்து, அனுமதிக்கப்பட்ட மருந்துப் பட்டியலில் அதன் பெயரை விரல் வைத்துக் காட்டினார். மூக்கைப் பொத்தி எச்சில் விழுங்கக் கற்றுக்கொடுத்தார். எங்கள் மேலாளரிடமும் பேசினார். மேலாளர் ஓடி வந்து, "ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

காலையில், சாப்பாட்டுக் கூடத்தில், வலது காது 'டப்' என்று திறந்தது. கரண்டிச் சத்தம், கோப்பைச் சத்தம், முன்பின் தெரியாத யாருடையதோ தும்மல். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. ரொட்டியைக் கையில் பிடித்தபடி அழுதேன். இடது காது திறக்கவில்லை. ஒன்று போதும்.

ஓடுகளத்தில் குனிந்தேன். 'செட்' என்றார்கள். துப்பாக்கி வெடித்தது. கேட்டது! அதுவரை நான் ஓடியதிலேயே நல்ல ஓட்டம் அது. சுற்றில் நான்காவதாக வந்து, நேரக் கணக்கில் அரையிறுதிக்குப் போனேன். அங்கே கடைசி. பதக்கம் இல்லை. தைமூர் இறுதிவரை போனார். அவர் ஓடும்போது, பார்வையாளர் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஊருக்கு வந்து பத்து நாளில் இடது காதும் சரியாயிற்று. அம்மா வெள்ளியில் காது உரு ஒன்று வாங்கி, எங்களை பஸ்ஸில் ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் மாதாவின் பாதத்தில் வைத்தார். "மாதாகிட்ட சொன்ன. மனுசங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?" என்று மட்டும் கேட்டார்.

மருந்தால்தானே சரியானது என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், மருந்தால்தான். அந்த மருந்துக்கு என்னைக் கூட்டிப்போன கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இன்று பெரம்பலூரில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். ஒருவன் ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டால், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரரே, சகோதரியே, உங்கள் கஷ்டத்தை யாரிடமும் சொல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தால், இன்றைக்கே முழங்கால் போடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மாதா கேட்பாள். அவள் அனுப்புகிற ஆள் நீங்கள் எதிர்பார்க்காத ஆளாக இருக்கலாம். அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.