கழுத்தில் வில்லை இல்லாத நாய்

கடித்தது எந்த வீட்டு நாய் என்பதில் ஜெபமலருக்குச் சந்தேகமே கிடையாது. கரமனையைத் தாண்டிப் புதிதாக எழும்பியிருந்த காலனியில் பச்சை கேட் போட்ட வீடு அது. அந்தக் கேட்டைக் கடந்துதான் அவள் தினமும் கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறப் போவாள். செம்பட்டை நிறத்தில், கழுத்தில் சிவப்புப் பட்டையோடு ஒரு நாய் முன்வாசல் தூணில் கட்டிக் கிடக்கும். அன்றைக்கு அது கட்டிக் கிடக்கவில்லை. கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தது. குரைக்கக்கூட இல்லை. அவள் இடது கெண்டைக்காலைக் கவ்வி ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுத் திரும்ப உள்ளே ஓடிவிட்டது.

இது தொண்ணூற்றேழில் நடந்தது. ஜெபமலருக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவள். புருஷன் சத்தியநேசனுக்குக் கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கட்டிடங்களில் கம்பி கட்டும் வேலை. அவளுக்குக் கிழக்கேகோட்டைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் காய் நறுக்கும் வேலை. கரமனை ஆற்றுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தை சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்கள். தொப்புளைச் சுற்றி தினம் ஓர் ஊசி என்று டாக்டரம்மா சொன்னதும் ஜெபமலரின் கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது.

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஊசி தோலுக்கு அடியிலதான் நிற்கும். ஆனா அந்த நோய் வந்துட்டா எங்க கையில ஒண்ணும் இல்லை” என்றார் டாக்டரம்மா. “நாய் யாரோடது? தடுப்பூசி போட்டதா? அதைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்துதுன்னா மிச்ச ஊசியை நிறுத்திடலாம்.”

சாயங்காலம் சத்தியநேசனும் அவளும் பச்சை கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். வீட்டுக்காரர் வெங்கிடேஷ் வெளியே வந்தார். ஏதோ கம்பெனியில் அதிகாரி. சட்டைக் கை மடிப்புக்கூடக் கலையாத ஆள்.

“சாரே, காலையில உங்க நாய் இவளைக் கடிச்சுப்போட்டு” என்றான் சத்தியநேசன். “பைசாவுக்கு வரல்ல. ஊசி போட்ட நாயான்னு மட்டும் சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எந்த நாய்? எங்காத்துல நாயே கிடையாதே.”

ஜெபமலர் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். தூணில் சங்கிலி தொங்கியது. பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டு, அதில் ஆடை படிந்து காய்ந்த பால்.

“பின்ன அந்தச் சங்கிலி ஏது சார்? செகப்புப் பட்டை கட்டின நாய்தான் கடிச்சது.”

“அது போன மாசம் செத்துப்போன நாயோடது.” அவர் குரலில் தடுமாற்றம் இல்லை. “செகப்பு பெல்ட் கட்டின நாய் ஊர்ல எத்தனையோ இருக்கும். என் பேரை எழுதித் தொங்கவிட்டிருந்துதா?”

சத்தியநேசன் கேட்டைப் பிடித்து உலுக்கப் போனான். ஜெபமலர் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “இஞ்சேருங்க, வாங்க போவோம். இவரு சொல்லமாட்டாரு.”

மறுநாள் அவள் வார்டு ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர்தான். உட்காரச் சொல்லி விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். லைசென்ஸ் எடுத்த நாயாக இருந்தால் கழுத்தில் பித்தளை வில்லை கிடக்கும், அதில் நம்பர் இருக்கும், நம்பரைச் சொன்னால் வீட்டைச் சொல்லிவிடலாம் என்றார்.

“வில்லையெல்லாம் இல்ல சாரே. வெறும் பட்டைதான்.”

“அப்போ ஒண்ணும் செய்யான் பற்றில்லா” என்று அவர் கையை விரித்தார்.

“எல்லாரும் லைசென்ஸ் எடுக்கணும்னு சட்டம் இல்லியா?”

“சட்டம் உண்டு. ஆரும் எடுக்கூல. கேக்கான் ஆளுமில்லா.”

அவள் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். வந்த பஸ்ஸுக்கு நம்பர் இருந்தது. பின்னால் வந்த மீன் வண்டிக்கு இருந்தது. ஊரில் அவள் அம்மா பாங்குக் கடனில் வாங்கி வளர்க்கும் மாட்டுக்குக் காதிலேயே நம்பர் குத்தியிருந்தார்கள். பல் உள்ள ஜீவனை வளர்த்து ரோட்டில் விடுகிறவனுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா என்று அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. யாரிடம் போய்ச் சொல்ல?

அதற்குப் பிறகு பயம் அவளோடு குடியேறிவிட்டது. லைன் வீட்டுப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்து, நாய் கடித்துச் செத்தவர்களின் கதைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊசி போட்டும் செத்தவன் கதை ஒன்று. நல்லா இருந்து ஆறு மாதம் கழித்துத் தண்ணீரைக் கண்டு அலறியவன் கதை ஒன்று. ஜெபமலர் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு, அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தொண்டை இறுகுகிறதா என்று கவனிப்பாள். பிறகு குடிப்பாள். இறங்கிவிட்டால் அன்றைய நாளை ஆரம்பிக்கலாம். ஆறு மாதம் கழித்து என்றால் பிள்ளை கையில் இருக்கும். பால் குடிக்கிற பிள்ளை. அதற்கு மேல் அவளால் நினைக்க முடியாது.

நாலாவது ஊசிக்கு வரிசையில் நின்றபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் ஆபீஸ் பை. முகம் வெளுத்திருந்தது.

“நான் மாளவிகா. அந்தப் பச்சை கேட் வீடு.”

ஜெபமலர் வரிசையில் ஓர் அடி தள்ளி நின்றாள்.

“உங்ககிட்ட எங்காத்துக்காரர் சொன்னது பொய். போலீஸ் கேஸ் ஆயிடும், வேலைக்குக் கெடுதல்னு பயந்துட்டார். கடிச்ச அன்னிக்கு மத்தியானமே நாயைக் கார்ல கொண்டுபோய் விழிஞ்ஞம் கடற்கரையில விட்டுட்டு வந்துட்டார். பெல்ட்டைக் கழட்டக்கூட அவருக்குத் தோணலை.”

“ஊசி போட்ட நாயா சேச்சி?”

“குட்டியா இருக்கறச்சே போட்டது. வருஷா வருஷம் போடச் சொன்னா. அப்புறம் போடலை.” மாளவிகா தரையைப் பார்த்தாள். “நீங்க அந்தச் சங்கிலியையே பார்த்துண்டு நின்னேளே, ஜன்னல்லேர்ந்து நான் பார்த்துண்டிருந்தேன். அதுலேர்ந்து எனக்குச் சாதம் இறங்கலை.”

ஜெபமலருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. “இப்பவே போவணும். எங்கூட வாங்க” என்றாள்.

ஊசி முடிந்ததும் சத்தியநேசனையும் கூட்டிக்கொண்டு மூவரும் விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறினார்கள்.

துறையில் படகுகள் ஏறிக் கிடந்தன. மீன் நாற்றத்துக்கு எங்கு பார்த்தாலும் நாய்கள். செம்பட்டை நிறத்திலேயே பல. விசாரித்துக்கொண்டே போனபோது மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“சிவப்புப் பட்டையா? அந்தா, கவுத்துப்போட்ட வள்ளத்துக்கு அடியில கெடக்கு. பக்கத்துல போவாதீங்க. வாயில எச்சி ஒழுகுது, ஒண்ணும் திங்க மாட்டேங்குது. பேய்ப்பட்டின்னு ஆளுங்க அடிக்கப் போயிருக்காங்க.”

பேய்ப்பட்டி என்றால் வெறிநாய். ஜெபமலர் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சத்தியநேசன் கிடந்த ஒரு கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வள்ளத்தைப் பார்த்து ஓடினான். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் துடுப்போடு வளைத்து நின்றார்கள்.

“அடிக்காதீங்க” என்று அவள் குரல் கொடுத்தாள். எழுந்து, கடிபட்ட காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். “இஞ்சேருங்க, கட்டையைப் போடுங்க. அது செத்தா எனக்கு என்ன வரும்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போவும். அது உயிரோட இருக்கணும்.”

துடுப்பு வைத்திருந்த பெரியவர் அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்து, “ஈ பட்டி ஆருடெயா?” என்று கேட்டார்.

ஜெபமலர் திரும்பி மாளவிகாவைப் பார்த்தாள். இவளும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஒரு கணத்தில் பயந்தாள்.

“என்னோடது” என்றாள் மாளவிகா. பிறகு சத்தமாக, மலையாளத்தில், தன் பெயரையும் வீடு இருக்கும் இடத்தையும் சொன்னாள். “சீசர்” என்று கூப்பிட்டாள்.

வள்ளத்துக்கு அடியில் வால் அசைந்தது. நாய் வயிற்றால் இழைந்து வெளியே வந்தது. கடைவாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் வடிந்தன. அதோடு, வெயிலில் மின்னிக்கொண்டு, ஒரு சாண் நீளத்துக்கு நைலான் நரம்பு தொங்கியது.

“தூண்டில் முள்ளு” என்றார் பெரியவர். துடுப்பு கீழே இறங்கியது. “இரையோட முழுங்கப் பாத்திருக்கு. அதான் திங்க முடியல.”

ஆனாலும் வாயில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பழைய வலையைப் போட்டுச் சுருட்டி, ஒரு மீன் வண்டியில் ஏற்றி மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கையுறை மாட்டி, மயக்க மருந்து கொடுத்து, தாடையில் ஏறியிருந்த முள்ளை வெட்டி எடுத்தார்.

“அப்ப அந்த நோய் இல்லியா சாரே?” என்று ஜெபமலர் கேட்டாள்.

“முள் இருந்தது, எடுத்தாச்சு. அதனால நோய் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் முடியட்டும். கட்டிப்போட்டுப் பாருங்க.”

சீசர் பழைய தூணுக்கே திரும்பியது. அன்று ஆபீஸ் விட்டு வந்த வெங்கிடேஷ், நாயையும் மனைவியையும் பார்த்துவிட்டு உள்ளே போனார் என்று மாளவிகா பிறகு சொன்னாள்.

தினமும் காலையில் ஜெபமலர் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பாள். குடித்துவிட்டால் வேலைக்குப் போவாள். ஒருநாள் அது தட்டை மோந்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது. மாளவிகா கிண்ணத்தை மாற்றி வைத்தாள், மோர் கலந்து வைத்தாள், அது அசையவில்லை. ஜெபமலர் கடைக்குப் போகவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை நின்றாள். கடைசியில் நாய் எழுந்து சோம்பல் முறித்து, மோர் முழுவதையும் நக்கித் தீர்த்தது. அவளுக்கு அழுகை வந்தது.

பத்து நாள் கெடு முடியும் அன்று கேட்டருகே நின்றவர் வெங்கிடேஷ். அவராகவே தாழ்ப்பாளைத் திறந்தார்.

“இப்பத்தான் குடிச்சுது. உள்ள வந்து பார்த்துக்கோங்கோ” என்றார். அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். அன்றோடு டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார். தை கழிந்து பெண் குழந்தை பிறந்தது. சுஜா என்று பெயர் வைத்தார்கள்.

வருஷங்கள் ஓடின. இரண்டாயிரத்து ஐந்தில் வார்டு கூட்டம் ஒன்றில் இதே பேச்சு வந்தது. வளர்க்கிற நாய்க்கும் ஆடுமாட்டுக்கும் அடையாளம் கட்டாயமாக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வெளிநாட்டில் அரிசி மணி அளவுள்ள ‘சிப்’ என்கிற சில்லைத் தோலுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள், கருவியைக் காட்டினால் நம்பர் வரும், கழற்றி எறிய முடியாது என்று ஒரு கால்நடை டாக்டர் விளக்கினார். வாயில்லா ஜீவனைக் குத்துவது பாவம் என்றார் ஒருவர். எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்றார் இன்னொருவர்.

ஜெபமலர் அப்போது இரண்டு ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அதுவரை பேசியதே இல்லை. எழுந்தாள். நடந்ததைச் சொன்னாள், வீட்டுக்காரர் பெயரை மட்டும் சொல்லவில்லை.

“கட்டாயமாக்கணும். அன்னைக்கு அந்த நாய்க்கு ஒரு நம்பர் இருந்திருந்தா நான் அப்படிக் கெடந்து தீஞ்சிருக்க மாட்டேன்” என்றாள். “ஆனா ஒண்ணு. நாய் பிடிக்கிற வண்டி வந்தா முதல்ல எங்க லைன் வீட்டு நாயைத்தான் பிடிக்கும், பங்களா கேட்டைத் தட்டாது. அதனால எங்களுக்குக் காசில்லாமப் போட்டுத்தாங்க. எல்லா கேட்டையும் தட்டுங்க. ரெண்டும் செய்ய முடிஞ்சாச் சட்டம் போடுங்க.”

யாரோ கை தட்டினார்கள். டாக்டர் குறித்துக்கொண்டார். சில்லு அந்த வருஷம் வரவில்லை. ஆனால் வில்லை மாட்ட இலவச முகாம் ஒன்று நடந்தது. லைன் வீட்டுக்காரர்கள் நாய்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் குறைவு. ஜெபமலர் நாய்கள் நின்ற வரிசைக்கு எதிர்ப்பக்கமாக, சுவரை ஒட்டித் தன் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதில் வில்லை குத்தும்போது ஆடு துள்ளியது. அவள் அதன் தலையை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.