டின்னில் வளர்ந்த லாலான்

ஆயர் ஈத்தாம் சாலையில் டிராம் நின்றுபோனாலும் தண்டவாளம் இன்னும் சில இடங்களில் கிடக்கிறது. அதன் இடுக்கில் லாலான் புல் பூத்திருப்பதை நேற்று டிராலி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, பூனை வால் மாதிரி. வேலை முடிந்து திரும்பும் எனக்கு இப்போதெல்லாம் எதையும் உற்றுப் பார்க்கத் தெம்பில்லை. ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

உங்களுக்கு அது களை. ரப்பர்த் தோட்டத்துக்குச் சத்துரு. எனக்கோ இருபது வயதில் அது அலங்காரச் செடி. சிரிக்காதீர்கள். புதிதாகக் குமாஸ்தா வேலை. கையில் ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம். ஊர்ப் புல்லை முற்றத்தில் வளர்ப்பதுதான் நாகரிகம் என்று படித்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு பித்துப் பிடிக்கும் காலம் அது. மலையடிவாரத்தில் லாலானைப் பெயர்த்து வந்தேன். வேர் ஊரெல்லாம் ஓடுமே என்று மண்ணெண்ணெய் டின்களில் நட்டு, டின்களை வரிசையாக மண்ணில் புதைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சாப்பாட்டுக்கடை பாய் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, மாடு எப்ப வருது லா?"

அக்கா சிரிக்கவில்லை. கடலுக்கு அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாலான் பிடுங்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். வேலை கிடைத்ததும் அவளை அழைத்து வந்துவிட்டேன். இனி அவள் கை சும்மா இருக்க வேண்டும், சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து பூப் பார்க்க வேண்டும். எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். அதற்குப் போய் இந்தப் புல்லையா ஒருவன் கொண்டுவருவான்?

"இதையா தம்பி வளக்கப் போற?"

"பூத்தா அழகா இருக்கும்கா."

"பூத்தா அரைப்பேருதான்."

தோட்டத்தில் அவள் களையெடுத்த மர நிரையில் ஒரு பூ தெரிந்தாலும் கங்காணி அன்றைக்குப் பாதிக் கூலிதான் எழுதுவான். அதுதான் அரைப்பேர்.

இருவேளைத் தண்ணீர், சாணிக் கரைசல். அந்த நாற்றம் சட்டையோடு அலுவலகம் வரை வந்தது. புல் இடுப்பளவு வளர்ந்தது, பூக்கவில்லை. லாலான் காய்ந்து வாடினால்தான் பூக்கும் என்பது என் புத்தகத்தில் இல்லை. மழையில்லாத மாதத்தில் வேலை நிமித்தம் அலோர் ஸ்டார் ஊருக்குப் போனேன். அக்கா அதற்குத் தண்ணீர் ஊற்றமாட்டாள். திரும்பி வந்தபோது சாக்கடையோரம் வெள்ளைப் பூக்கள் குவியலாகக் கிடந்தன. டின்களில் வெறும் தண்டுதான்.

அக்கா வாசற்படியில் நின்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கங்காணி இல்லக்கா."

"தெரியும் தம்பி. கைக்குத்தான் தெரியல."

டின்களைத் தோண்டி எறிந்துவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். கிணற்றடி டின்னில் ஒரு பூ மட்டும் தப்பியிருந்தது. அக்கா பின்னாலேயே வந்தாள்.

"அது இருக்கட்டும். நான் அத பாக்கல."

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன். கடைக்கண்ணால் பார்த்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

சாலையை அகலமாக்கியபோது அந்த முற்றம் போயிற்று, கிணறும் போயிற்று. பாய் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அக்காவும் இல்லை. நேற்று பஸ் நகரும்போது, தண்டவாளத்துப் பூக்களை நோக்கி ஓர் ஆள் மண்வெட்டியோடு குனிந்தார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.