சௌந்தரத்தைக் கேட்காத வீடு

யார் வீட்டுக்குப் போனாலும் சௌந்தரம் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, மோட்டுவளையைப் பார்ப்பாள். "வாங்க மதினி" என்று வரவேற்கிறவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்து நிற்க வேண்டியதுதான். கூரை, ஓடு தாங்குகிற கைமரம், சுவர் மூலை, நிலைப்படி என்று கண் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, கடைசியில்தான் மனித முகத்துக்கு வரும். அன்றைக்கு அவள் நின்றது சங்கரம்மாள் வீட்டு அடுப்பங்கரையில். நடுவில் தண்ணீர் சொட்டுகிறது. அதற்கு நேர் மேலே இருந்த ஓடுகளை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. ஒழுக்கு நிற்கவில்லை.

சொட்டுகிற இடத்தைச் சௌந்தரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைமரத்தில் கறை ஓடியிருந்த வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

"தண்ணி விழுற எடத்துக்கு மேலயேதான் பொத்தல் இருக்கும்னு யாரு ஒனக்குச் சொன்னது? அந்தா, பூனை ஏறி எறங்குற எடம் தெரியுதா? அங்கன உள்ள வந்து, மரத்தப் பிடிச்சு நடந்து வந்து, இங்கன விழுது. அங்க நாலு ஓடு மாத்து. கீழ மாத்திக்கிட்டே இருந்தா ஓடுதான் செலவு."

பந்தல்குடியில் இந்த மாதிரி யோசனைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. கார்த்திகையில் கதவு இறுகிக்கொண்டால் எல்லோரும் ஆசாரியைத் தேடி ஓடுவார்கள். அவள் தடுப்பாள். "இப்ப எழச்சா சித்திரையில எலி நொழையும். மெழுகுவத்தியத் தேயி, மழை போகட்டும்." நிலையில் கரையான் ஏறினால், தூத்துக்குடி ரோட்டு லாரிப் பட்டறையில் வடித்துக் கொட்டுகிற கறுப்பு எண்ணெயை வாங்கிப் பூசச் சொல்வாள். வெள்ளையடிக்கப் போகிறவர்களுக்கு அவள் சொல்வது, சுண்ணாம்பை மூன்று நாள் ஊறப்போட்டு, வடிகஞ்சி சேர்த்து, சுவரை நன்றாக நனைத்துவிட்டு அடிக்க வேண்டும் என்பது. இல்லாவிட்டால் சாய்ந்து உட்காருகிறவன் முதுகோடு வெள்ளை போய்விடும்.

அவளுடைய சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கு இருக்காது. சாவி தொலைந்துபோன ஒரு பழைய பூட்டு, ஒன்றரை முழ நூலில் கட்டிக் கிடக்கும். அதுதான் அவளுடைய தூக்குக்குண்டு. ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சுவரோரம் தொங்கவிட்டுப் பார்த்து, "ஒரு விரக்கட சாஞ்சிருக்கு" என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே சொன்னாள். அவர் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வித்தையெல்லாம் அவளுக்கு அவளுடைய வீடு கற்றுக்கொடுத்தது. கணவர் ஐயாத்துரை பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். கடைச் சரக்கில் ஒரு சொட்டு மழை படக்கூடாது, அதில் மட்டும் கண்ணாக இருப்பார். வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னால், "நிக்குதுல்ல?" என்பார். இருபத்தாறு வருஷமாக அந்த நாட்டு ஓட்டு வீட்டை நிற்கவைத்துக்கொண்டிருப்பவள் சௌந்தரம்தான். காரைத் தரையில் வருஷாவருஷம் பள்ளம் விழும். தை பிறப்பதற்குள் அவளே குழைத்து அவளே பூசுவாள். போன வருஷம் பூசியது ஒரு நிறம், இந்த வருஷம் பூசியது ஒரு நிறம் என்று தரை முழுக்கத் தேமலாகக் கிடக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் மறைத்துப் பிரயோஜனமில்லை. அவளுக்குப் பொறாமை உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. பழுது இருக்கிற வீட்டில் அவளைப் போலத் தங்கமான மனுஷி கிடையாது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தானே இறங்கிவிடுவாள். பழுதே இல்லாத வீட்டுக்குப் போய்வந்தால் அன்றைக்கெல்லாம் நெஞ்சு கரிக்கும், சீரகத் தண்ணீர் வைத்துக் குடிப்பாள். பாலவனத்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கதவில் வரிசையாகப் பித்தளைக் குமிழ் அடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "குமிழு இருந்து என்ன செய்ய? சாரல் அடிச்சா தண்ணி பூரா உள்ளதான் வரும்."

அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து மனையிலேயே வந்து வாய்த்தது கொழுந்தன் வீடு.

ஐயாத்துரையின் தம்பி பூமிநாதனுக்கு அருப்புக்கோட்டையில் மிளகாய் வற்றல் கமிஷன் மண்டி. எழுபத்திரண்டாம் வருஷம், நாலு இடம் அலைந்து சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கி, மதுரைப் பக்கத்திலிருந்து உக்கிரபாண்டி என்கிற கொத்தனாரைக் கூட்டிவந்து, அண்ணன் வீட்டை ஒட்டிக் கான்கிரீட் வீடு எழுப்ப ஆரம்பித்தார். இரண்டு மனைக்கும் நடுவில் மார்பளவுச் சுவர். காயாத துணியையும் காய்ந்த துணியையும் மாறி மாறி அந்தச் சுவரில் போட்டுக்கொண்டு சௌந்தரம் எல்லாவற்றையும் பார்த்தாள்.

அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இந்தப் பக்கத்து மண் கரிசல். கோடையில் பாதம் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், தண்ணீர் பட்டால் உப்பும். அடியில் சுக்கான் பாறை தட்டுகிற வரைக்கும் தோண்டி, மணலைக் கொட்டி, அதற்குமேல் கல் வைத்தால்தான் சுவர் அசையாமல் நிற்கும். உக்கிரபாண்டி மூன்றடியில் நிறுத்திவிட்டார்.

"பாத்தா சொல்ல வேண்டியதுதான?" என்றார், அவள் வந்து புலம்பியதைக் கேட்ட ஐயாத்துரை.

"என்னைய யாரு கேட்டாக? ஊரே வந்து கேக்குது. செவுத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறா ஒங்க தம்பி பொண்டாட்டி. ஒரு வார்த்த கேட்டாளா?"

"அவ ஒனக்குப் பயப்படுறா சௌந்தரம். நீ எதப் பாத்தாலும் நொட்ட சொல்லுவன்னு."

கேட்காத வீட்டுக்குச் சொல்வதில்லை என்று அன்றைக்கே சௌந்தரம் முடிவு கட்டிக்கொண்டாள்.

புதுவீடு புகுந்த நாளில் அவளை அடித்துப்போட்டது அந்தத் தரை. சிவப்புச் சிமெண்டு, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். கால் வைத்தால் குளுகுளு என்றிருந்தது. குனிந்தால் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் பள்ளத்துக்குப் பூசிப் பூசித் தேய்ந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கொழுந்தன் மனைவி முத்துமாரியம்மாள் முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக வந்து நின்றாள். "எப்படிக்கா இருக்கு?"

"ஈரக்காலோட நடந்தா வழுக்கும்" என்றாள் சௌந்தரம்.

அதற்கப்புறம் முத்துமாரி எதையும் காட்டவில்லை. பங்குனியில் அருப்புக்கோட்டையிலிருந்து குரோட்டன்ஸ் செடிகள் வந்து இறங்கின. மஞ்சளும் சிவப்புமாக ஒரு டஜன், தென்புறச் சுவரை ஒட்டி வரிசையாக நட்டார்கள். குடிக்கிற தண்ணீரையே ஊர் அளந்து புழங்குகிற கோடை அது. பூமிநாதன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. முத்துமாரி காலையில் மூன்று குடம், சாயங்காலம் மூன்று குடம் ஊற்றினாள். மண் ஒரு பக்கம் காய்ந்து வெடித்துக்கிடக்க, சுவரடியில் மட்டும் கொழகொழவென்று ஊறியது. கரிசலில் வீடு கட்டியவர்கள் செய்யக்கூடாத ஒரே காரியம் அது. சௌந்தரம் நடுச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"வாடுது பாரு முத்து" என்றாள். "இன்னும் ரெண்டு கொடம் ஊத்தேன். நல்லா நனையட்டும்."

"சரிக்கா" என்றாள் முத்துமாரி சந்தோஷமாக. அக்கா தானாக வந்து பேசியதே அவளுக்குப் பெரிது. சௌந்தரம் உள்ளே வந்து உலையில் அரிசியைப் போட்டாள். செய்தது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

வைகாசியில் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியது. முதலில் தலைமயிர்க் கனம். பத்து நாளில் பென்சில் முனை நுழைகிற கனம். சாய்வாக மேலே ஏறியது. பூமிநாதன் கொத்தனாருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். தெருவில் எல்லோரும் கண்ணேறு என்றார்கள்; சொல்லிவிட்டு ஐயாத்துரை வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். முத்துமாரி வாசலில் பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டாள். அதில் வரைந்திருந்த முட்டைக்கண் தன்னையே பார்ப்பதாகச் சௌந்தரத்துக்குத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை முத்துமாரியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஒருக்கா வந்து பாருங்கக்கா."

எத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை! உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் எழும்பியது. அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றாள். விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். ஜன்னல் வழியாக எட்டிச் செடிகளைப் பார்த்தாள்.

"செவுத்து ஓரமா இம்புட்டுத் தண்ணி யாரு ஊத்தச் சொன்னது?"

"நீங்கதானக்கா ஊத்தச் சொன்னீக" என்றாள் முத்துமாரி. அதில் குத்தல் ஏதும் இல்லை, கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

"செடிக்குச் சொன்னேன். செவுத்துக்கா சொன்னேன்?" என்று அதட்டிவிட்டு, சௌந்தரம் சேலையை வரிந்து கட்டினாள்.

செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. செடிகளையெல்லாம் பிடுங்கி மண்ணெண்ணெய் டின்களில் மாற்றினாள். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண்ணை எடுக்கச்சொல்லி, அத்தனையிலும் குண்டாற்று மணலை நிரப்பவைத்தாள். அதற்குமேல் தண்ணீர் வெளியே ஓடுகிற வாட்டத்தில் கல் பாவி, குளிக்கிற தண்ணீர் தெருவுக்குப் போக வாய்க்கால் இழுத்தாள். விரிசலை மட்டும் தொடவிடவில்லை.

"இப்பப் பூசுனா பூச்சும் சேந்து வெடிக்கும். ஐப்பசி மழை வந்து போகட்டும், மண்ணு அடங்கட்டும். தையில பூசு." காலண்டர் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதாப் பசை தடவி, விரிசலுக்குக் குறுக்கே விறைப்பாக ஒட்டினாள். "இது கிழிஞ்சா செவரு இன்னும் நகருதுன்னு அர்த்தம். கிழியலன்னா நின்னுபோச்சு. தெனமும் வந்து நானே பாக்கேன்."

அந்த நாலைந்து மாதம் போல அவள் வாழ்க்கையில் நல்ல காலம் இல்லை. காலையில் காகிதத்தைப் பார்க்கப் போவாள். முத்துமாரி காப்பி தருவாள். அடுப்பு மேடை என்ன உயரம், அலமாரிக்கு எந்த மரம், ஜன்னல் கம்பிக்கு என்ன பெயிண்டு என்று நாளைக்கு இருபது தடவை "அக்கா, அக்கா" என்பாள். சௌந்தரம் அந்தச் சிவப்புத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சொல்வாள். நெஞ்சுக் கரிப்பு வரவேயில்லை.

மழை வந்தது, கொட்டியது, போனது. காகிதம் கிழியவில்லை. கார்த்திகை முடிவில் முத்துமாரியின் கேள்விகளும் முடிந்துபோயின. வீட்டில் ஒரு குறையும் இல்லை, என்னத்தைக் கேட்பாள்?

மார்கழியில் ஒரு நாள் சௌந்தரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சங்கரம்மாளின் குரல் கேட்டது. மாட்டுக்கொட்டகைச் சுவர் வெடித்திருக்கிறதாம், முத்துமாரியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல தண்ணி தேங்க விடக்கூடாது மதினி. ரெண்டடிக்கு மண்ண எடுத்துட்டு மணலப் போடுங்க. ஒடனே பூசிறாதீக, பூச்சும் சேந்து வெடிக்கும்" என்றாள் முத்துமாரி. ஒரு சொல் மாறவில்லை.

"நீ சொன்னா வெளங்குது தாயி. அவுக சொன்னா வையிற மாதிரில்ல இருக்கு. இனிமே ஒன்னையவே கேட்டுக்கிறேன்."

சௌந்தரம் பிழிந்த சேலையையே மறுபடியும் பிழிந்தாள். அன்றைக்கு நெஞ்சுக் கரிப்பு சீரகத் தண்ணீருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். முத்துமாரி கிணற்றடியில் இருந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுத் தென்புற அறைக்குள் நுழைந்தாள். காகிதம் ஒட்டின நாளில் இருந்த அதே விறைப்போடு இருந்தது. அவள் ஒட்டியது, அவள் நிறுத்திய சுவர். தொட்டுத் தடவினாள். பிறகு கட்டைவிரல் நகத்தை விரிசலுக்கு நேரே காகிதத்தில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள். ஓசையே இல்லை.

வீட்டுக்கு வந்து ஐயாத்துரைக்குச் சோறு வைத்தாள். துவரம்பருப்பை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து குரல் பதறிக்கொண்டு வந்தது.

"அக்கா! பேப்பரு கிழிஞ்சு கெடக்குக்கா! கொஞ்சம் வாங்களேன்!"

ஐயாத்துரை சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஒன்னையத்தான் கூப்பிடுது அந்தப் புள்ள."

"காதுல விழுது."

"எந்திரிச்சுப் போயேன்."

சௌந்தரம் முறத்தை ஒரு தட்டுத் தட்டி, ஒதுங்கிய பருப்பை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் மறுபடியும் "அக்கா!" என்று கேட்டது, இந்தத் தடவை அழுகையோடு. அதற்கப்புறம்தான் முறத்தைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்து, உதறி, நிதானமாக முடிந்துகொண்டு எழுந்தாள்.